படகுக் காரும் மூத்த மாப்பிள்ளையும்

எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு தகரப்பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். வீடு பெண்ணுக்கு, கட்டில் பெண்ணுக்கு, கொல்லைக் கிணறும் முருங்கை மரமும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு; நெய்ச்சோற்றில் முதல் அகப்பை அவருக்குத்தான். ஆனால் சட்டை மாட்ட ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் எந்தச் சுவரில் அடிக்கலாம் என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

காஜா மைதீன் எங்கள் எதிர்வீட்டுக்கு அப்படி வந்தவர். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் கொடி இறங்குவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னால், மீரா சாகிபின் மூத்த மகள் அமீர் நிஷாவைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைத்தெருவில் படகுக்காரர்களுக்குக் கயிறும் குங்கிலியமும் செப்பாணியும் விற்கிற சின்னக் கடை அவருக்கு. குள்ளமான ஆள், முன்கோபம் மூக்கின் மேல். அவரை நல்லவர் என்று சாதிக்க நான் வரவில்லை. கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு கூசும். பொறாமைக்காரர், அவ்வளவுதான். அதில் அவருக்கு ஈடாக ஒருவரை நான் பார்த்ததில்லை, கண்ணாடியில் எப்போதாவது பார்ப்பதைத் தவிர.

வந்த முதல் வாரமே கொல்லைப்புறக் கொட்டகையில் அந்தக் காரைப் பார்த்துவிட்டார். கப்பலேறிப் போன ஒரு பிரெஞ்சு துரையிடமிருந்து மாமனார் பெருமைக்கு வாங்கிப் போட்டது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. மூக்கு நீளம், சக்கரமெல்லாம் சைக்கிள் போலக் கம்பி, பின்பக்கம் மட்டும் படகின் முன்முனை அணியம் மாதிரி கூராகச் சேர்ந்து முடியும். கம்பெனி பேர் எழுதிய பித்தளைத் தகடு எப்போதோ விழுந்துவிட்டதால் ஊரார் அதைப் படகுக் கார் என்றே சொன்னார்கள். அப்போது அதன் இருக்கையில் மாமியாரின் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கடற்காற்றின் உப்பு ஏறி எஞ்சின் இறுகிப் போயிருந்தது.

அந்த துரைக்கு வண்டி ஓட்டிய அமிர்தலிங்கம் அப்போது ஊரில்தான் இருந்தார். அவரிடம் போய்ப் போய்க் கேட்டுக் காஜா மைதீன் தொழிலைப் பிடித்துக்கொண்டார். பிஸ்டனுக்கு மேலே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார். தினமும் கடை அடைத்துவிட்டு வந்து எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் முன்பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்பார். ஒரு மாதம் போல ஆனபிறகு ஒருநாள் அது அரை விரற்கடை நகர்ந்தது. அன்றைக்கு அவர் தெருவுக்கு வந்து எங்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். மனைவிதான் முழுகாமல் இருக்கிறாள் போல என்று நினைத்து என் வீட்டுக்காரி துஆ செய்தாள்.

பிறகு வால்வு அரைத்தார், ரேடியேட்டர் ஓட்டைக்கு ஈயம் வைத்தார், வாலுக்குள்ளே உளுத்துப்போன மரச்சட்டத்தை எடுத்துவிட்டுப் படகுப் பலகையை வைத்து, கடைக் குங்கிலியத்தையே காய்ச்சி இடுக்கு அடைத்தார். திருவேட்டக்குடியிலிருந்து மீன் கொண்டுவரும் காசியம்மா அதைப் பார்த்துவிட்டு, “இனிமே இது தண்ணியிலயும் போவும் போல” என்றாள். கார்ப்பரேட்டர் ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று குதிரைவால் மயிர் தேடி அலைந்ததையெல்லாம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்பானரை அவர் சாவி என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையாம். “சாவி எங்க புள்ள?” என்று அவர் கத்த, அமீர் நிஷா இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொண்டுபோய் நீட்ட, “இதில்ல, பன்னண்டாம் நம்பர் சாவி!” என்று அதற்கும் ஒரு கத்தல்.

வண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து ஊரில் எந்த மாப்பிள்ளை ஊர்வலம் என்றாலும் படகுக் கார்தான். பூச்சரம் தொங்கவிட்டு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, காஜா மைதீன் நடை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவார். மாப்பிள்ளையைப் பார்க்கிறவர்கள் பாதிப்பேர், மீதிப்பேர் இவரைப் பார்ப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ‘காஜா மைதீன் கார்’ என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் அவர் பேர் சொல்ல வேறொன்றும் கிடையாது.

அமீர் நிஷாவுக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது. சக்களத்தி என்று சொல்வாள், விளையாட்டுக்கல்ல. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளைக் கொட்டகைக்குள் அழைத்துப் போய் அதில் உட்கார வைத்தார். ஓடாத வண்டியில்தான். ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்து, காலுக்கு மேலே மறைவில் இருந்த சின்னப் பித்தளைக் குழாயில் அவள் விரலைப் பிடித்து வைத்தார். பெட்ரோல் குழாய் அது. திருகினால் ஒரு பக்கம் O, மறுபக்கம் F.

“வட்டம் இருக்குல்ல, அது வாயத் தொறந்த மாதிரி. ‘உவேர்’னும்பான் பிரெஞ்சுக்காரன், தொறப்புன்னு அர்த்தம். இந்தப் பக்கம் ஃபெர்மே, மூடுறது. வண்டி நின்னா மூடிடணும், இல்லாட்டி சொட்டும்” என்றார். ஓடத் தொடங்கியதும் திரை கட்டி அவளை நாகூர்க் கந்தூரிக்குக் கூட்டிப் போவதாகவும் சொன்னார்.

அந்தக் கந்தூரி இன்னும் வரவில்லை. ஒரு வருஷம் ஸ்பிரிங் சரியில்லை, மறு வருஷம் டயர் சரியில்லை, அதற்கடுத்த வருஷம் எல்லைச் சாவடியில் சுங்கக்காரன் கெடுபிடி. ஊரார் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் ஏறிய வண்டியில் அவள் மட்டும் ஏறவில்லை. கட்டியவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஒரு நாள் கூட நேரமில்லாத மனுஷன், அதன் நிக்கலுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்துக்கொண்டு நின்றால் எவளுக்குத்தான் வயிறு எரியாது? என் வீட்டுக்காரியிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். இந்தக் கதையில் நான் கொட்டகைக்குள்ளே நடந்ததையும் உள்வீட்டில் நடந்ததையும் சொல்கிறேனே, எல்லாம் அந்த வழியாக வந்ததுதான்.

கொடி மாறிய அடுத்த வருஷம் இரண்டாவது மகள் ஆஸியா பீவிக்கு மாப்பிள்ளை வந்தார். பேர் சேக் அலாவுதீன். நாகப்பட்டினத்தில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை. இங்கிலீஷ் படித்தவர், கால்சட்டை போடுவார், உயரம், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார். தகரப்பெட்டி ஒன்றோடு வருவதுதான் வழக்கம் என்றேனே, இவர் இரண்டு பெட்டியோடு வந்தார். இரண்டாவது பெட்டியில் ஸ்பானர்.

அந்தப் பெட்டியைப் பார்த்த நிமிஷமே காஜா மைதீன் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்தினார். சகலைக்கும் சகலைக்கும் எப்போதும் கொஞ்சம் பொறாமை இருக்கும். யாருக்கு மாமியார் முதலில் தேநீர் கொடுத்தார், யாருக்கு வட்டலப்பத்தில் பெரிய துண்டு என்று. அதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளது. இது வேறு. புது மாப்பிள்ளை வந்த மூன்றாம் நாளே கொட்டகை வாசலில் நின்று, “அல்லாஹ்! என்னா வண்டி நானா இது! நான் தொடலாமா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டார்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? “தொடுங்க தம்பி” என்றார் காஜா மைதீன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு ஆறுதல் கிடைத்தது. பஸ் கம்பெனி ஸ்பானர் எல்லாம் இஞ்சு அளவு. பிரெஞ்சு வண்டியின் நட்டு எல்லாம் மில்லிமீட்டர். அலாவுதீன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க, ஒன்று தொளதொளவென்று சுற்றியது, ஒன்று நுழையவே இல்லை. காஜா மைதீன் அன்றைக்கு இரண்டு தட்டு இடியாப்பம் சாப்பிட்டார்.

அந்த ஆறுதல் நிலைக்கவில்லை. படகுக் காருக்கு ஒரு தீராத நோய் இருந்தது. கொஞ்சம் வேகம் போனால் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். “முப்பது கிலோமீட்டருக்கு மேல அது குணம் அப்படி” என்று காஜா மைதீன் அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அலாவுதீன் முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். “இருவது மைலுக்கே ஆடுதா? நானா, உங்க கடையில சணல் கயிறு கொஞ்சம் கெடைக்குமா?” என்றார்.

காஜா மைதீனே தம் கையால் கயிறு கொண்டுவந்து கொடுத்தார், பாவம். அலாவுதீன் அதைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்து, சுண்ணாம்பால் கோடு போட்டு, முன்சக்கரம் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். அந்த இரண்டையும் இணைக்கும் கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் மாற்றினார். மாலையில் அரசலாற்றுப் பாலம் வரை போய்வந்தார்கள். ஸ்டீயரிங் தூங்குகிற பிள்ளை போல அசையாமல் இருந்தது.

மாமனார் மீரா சாகிபுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்த சமயம். காது நன்றாகக் கேட்கும். “ஆட்டம் நின்னுபோச்சாமே? சின்ன மாப்பிள்ளை கை ராசியான கை” என்று வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். மாமியார் முட்டை அல்வா கிண்டினார். ஆடுகிற ஸ்டீயரிங்கை இத்தனை வருஷம் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு காய்த்துப் போனவருக்கு ஒரு கரண்டி. ஒரு பிற்பகல் குந்தி உட்கார்ந்தவருக்குக் கிண்ணம் நிறைய. நோகாமல் நொங்கு தின்கிறான் என்று காஜா மைதீன் என்னிடம் வந்து பொருமினார். தன் கடைக் கயிற்றிலேயே தன் கழுத்துக்குச் சுருக்கு விழுந்துவிட்டது என்பதுதான் அவரால் தாங்க முடியாதது. அதற்குப் பிறகு அந்த ரகச் சணலையே கடையில் வாங்கி வைக்கவில்லை.

அலாவுதீனுக்கு இது ஒன்றும் தெரியாது. அதுதான் இன்னும் எரிச்சல். சண்டைக்கு வருகிறவனைச் சமாளிக்கலாம். ‘நானா, நானா’ என்று பின்னாலேயே வந்து, தேய்த்துக் கழுவி, பஞ்சர் ஒட்டி, சொன்னதைச் செய்கிறவனை என்ன செய்வது? காஜா மைதீன் அவரைப் பின்பக்க வேலையிலேயே வைத்திருந்தார். டயர், மட்கார்டு, கிரீஸ். எஞ்சினைக் கிளப்பும் நேரத்தில் மட்டும், “கைப்பிடிய நீங்க சுத்துங்க தம்பி” என்று முன்னால் அனுப்பிவிட்டு, தாம் உள்ளே குனிந்து யாரும் பார்க்காமல் குழாயைத் திறந்துவைப்பார். இத்தனை வருஷத் தொழிலில் அவரிடம் மிஞ்சியிருந்த ரகசியம் அந்த ஒரு திருகுதான்.

ஒருநாள் வண்டி கொட்டகையில் நிற்கையில் அலாவுதீன் உள்ளே தலையை விட்டு அந்தக் குழாயைப் பார்த்துவிட்டார்.

“இதுல எழுத்து போட்டிருக்கான் நானா. ஓ-ன்னா ஆஃப். எஃப்-ன்னா ஃபுல். இப்ப எஃப்புல இருக்கு, சரியாத்தான் இருக்கு” என்றார்.

காஜா மைதீன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். “ஆமா தம்பி. நீங்க படிச்சவங்க” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றில் கைவைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அமீர் நிஷா என்னவென்று கேட்டாள். “எஃப்-ன்னா ஃபுல்லாம் புள்ள! மூடி வச்சிருக்கறதப் பார்த்து, சரியா இருக்குங்கறான். இங்கிலீஷ்காரன்!” என்றார். அவள் மீன் ஆணத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். வீட்டில் அவர் சிரித்துப் பேசினால் அதுவும் காரைப் பற்றித்தான் என்பது அவளுக்கு உறைத்தது.

அந்த வருஷம் மூன்றாவது மகள் கமர் நிஷாவுக்கு நிக்காஹ் குறித்தார்கள். மாப்பிள்ளை உள்ளூர்தான், கடைத்தெருவுக்கு அந்தப்பக்கம். காருக்குப் பிரெஞ்சுக் காலத்து நம்பர் பலகையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிந்து எழுத வேண்டியிருந்தது. கண் தெரியாதவர் பேரில் கார் எதற்கு, மருமகன் ஒருவர் பேரில் எழுதிவிடலாம் என்று மீரா சாகிப் சொன்னார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

“கமரு மாப்பிள்ளைய அன்னிக்கு யாரு அழைச்சிட்டு வர்றாங்களோ, அவுங்க பேருக்கே எழுதிடுவோம். ஓட்டுற கைக்குத்தான் வண்டி. அது முறைதானே?”

காஜா மைதீன் அன்று பள்ளிவாசலில் நீண்ட நேரம் உட்கார்ந்து நன்றி சொன்னார். ஊரில் அத்தனை மாப்பிள்ளைகளை அழைத்து வந்த கை வேறு யாருடையது? புதுப் பலகைக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று கூட என்னிடம் கேட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் மீரா சாகிப் அவரைக் கூப்பிட்டு அருகில் உட்கார வைத்துக்கொண்டார். “நீங்க மூத்த மாப்பிள்ளை. எனக்குக் கண்ணு சரியில்ல. பந்தல் வாசல்ல நின்னு நாலு பெரிய மனுசன வாங்கன்னு சொல்ல நீங்கதான் வேணும். காரைச் சின்ன மாப்பிள்ளை கொண்டாரட்டும்” என்றார்.

மரியாதையால் ஒருவனைக் கொல்ல முடியும் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இதை மறுத்துப் பேச வழியே இல்லை. மாட்டேன் என்றால் மூத்தவர் என்ற இடத்தை விட்டுக்கொடுத்ததாகும். சரி என்றால் கார் போயிற்று. காஜா மைதீன், “சரிங்க மாமா” என்றார். அவர் முகம் வெந்த இறால் போல ஆகிவிட்டது என்று அமீர் நிஷா சொன்னாளாம்.

இரண்டு நாளும் அவர் தூங்கவில்லை. படுக்கையில் கிடந்து புலம்பினாராம். கோழிப் பீயைச் சுரண்டியது யார், எஞ்சினை எழுப்பியது யார், நேற்று வந்தவன் பேரில் பலகையா, அவன் பெண்டாட்டியை அதில் உட்கார வைத்து ஊரைச் சுற்றுவான், நான் ரோஸ்வாட்டர் செம்போடு நிற்க வேண்டுமா என்று. “ஒங்க பெண்டாட்டிய எப்ப உக்கார வச்சீங்க?” என்று அமீர் நிஷா இருட்டில் கேட்டாள். அது அவர் காதில் ஏறவில்லை.

கல்யாணத்தன்று காலையில் அவரே காரை மாப்பிள்ளை வீட்டுக்கு ஓட்டிப்போய், பூ அலங்காரத்துக்காகப் பந்தல் நிழலில் நிறுத்தினார். நிறுத்தியதும் கை தன் பழக்கத்தில் குழாயை மூடியது. நின்றால் மூட வேண்டும், அதில் ஒரு தப்பும் இல்லை. கையை எடுக்கப் போனபோதுதான் மனசுக்குள் அந்த நினைப்பு வந்தது. மூடிய குழாயோடும் வண்டி கிளம்பும். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலைக் குடித்துக்கொண்டு கொஞ்சதூரம் ஓடும். அப்புறம் நடுத்தெருவில் நின்றுவிடும்.

பொறுப்பை வாங்கிக்கொள்ள அலாவுதீன் வந்தார். புதுக் கால்சட்டை, காதில் அத்தர்ப் பஞ்சு. “நானா, வேற எதாச்சும் நான் பார்க்கணுமா? மனசு படபடங்குது” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல தம்பி. எல்லாத்துலயும் எழுத்துப் போட்டிருக்குல்ல, நீங்க படிச்சவங்க” என்றார் காஜா மைதீன். செயலில் குற்றமில்லை. மனசுக்குள் வைத்த நிய்யத்துதான் கோணல்.

அவர் போட்ட கணக்கு இது. கடைத்தெரு முக்கில் கார் நிற்கும். ஊரே பார்க்கும். அலாவுதீன் எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு வேர்த்து வழிவான். இங்கிருந்து ஆள் ஓடும்: மூத்த மாப்பிள்ளையைக் கூப்பிடு, மூத்த மாப்பிள்ளையைக் கூப்பிடு. இவர் மெதுவாக நடந்து போவார், ஒரு விரலால் தொடுவார், ஏறி உட்கார்ந்து மாப்பிள்ளையை அழைத்து வருவார். ஓட்டுகிற கைக்குத்தான் வண்டி.

பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் கிளம்பியது. நான் பெண் வீட்டுப் பந்தலில் இருந்தேன். காஜா மைதீன் புதுக் கைலியும் தொப்பியுமாக வாசலில் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கலகலப்பை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. வருகிறவர்களின் தோளைத் தட்டுகிறார், பிள்ளைகளைக் கிள்ளுகிறார். தூரத்தில் ஊர்வலத்தார் பாடிவரும் பைத்துச் சத்தமும் அதற்கு அடியில் கார்ச் சத்தமும் கேட்டன. பிறகு கார்ச் சத்தம் இருமியது, நின்றது. கொஞ்ச நேரத்தில் பைத்தும் நின்றது.

ஓடிவந்தவர்கள் மூச்சிரைக்கச் சொன்னார்கள். முக்கில் நின்றுவிட்டது. நல்லாத்தான் வந்தது. சின்ன மாப்பிள்ளை பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டார், மேக்னெட்டோவைப் பார்த்துவிட்டார், புதுச் சட்டையெல்லாம் கரி. மாப்பிள்ளை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “பொண்ணு வீட்டுல வண்டிகூட ஒழுங்கா அனுப்பத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டார்.

மீரா சாகிப் தடுமாறி எழுந்தார். “மூத்த மாப்பிள்ளை எங்க?”

“இந்தா வர்றேன் மாமா. பதறாதீங்க” என்றார் காஜா மைதீன். சொல்லிவிட்டு, எதிரே வந்த இரண்டு பேருக்கு நிதானமாகப் பன்னீர் தெளித்தார்.

அந்த நிதானம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஜன்னல் பலகைக்குப் பின்னால் பெண்கள் கூட்டத்தில் அமீர் நிஷா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வண்டி தும்மினால் சோற்றுத்தட்டை உதறிவிட்டு வெறுங்காலோடு ஓடுகிறவர். அது செத்துக் கிடக்கிறது என்று ஆள் வந்து சொல்கிறது, இவர் பன்னீர் தெளித்துக்கொண்டு சிரிக்கிறார். வண்டிக்கு நோய் எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே கமர் நிஷா விஷயம் கேள்விப்பட்டு மருதாணிக் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். ஆஸியா பீவி, புருஷனை ஊரே பார்த்துச் சிரிக்கிறதே என்று சுவரோரம் திரும்பி நின்றாள்.

அமீர் நிஷா கொல்லைப்பக்கம் போனாள். கல்யாண வேலைக்கு வந்து தேக்சாப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த காசியம்மாவைப் பிடித்துக் காதில் சொன்னாள். காசியம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கொல்லை வழியாகச் சந்துக்குள் இறங்கினாள். மீன்கூடையோடு திருவேட்டக்குடியிலிருந்து ஓடிவருகிற கால். சந்து வழியில் கடைத்தெரு முக்கு எந்த மூலைக்கு?

காஜா மைதீன் செம்பை என் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு தெருவில் இறங்கினார். அவசரமே இல்லை. நான்கு வீடு தாண்டியிருப்பார். அதற்குள் முக்கில் காசியம்மாவின் குரல் கிளம்பியது. ஏலம் கூவுகிற குரல், பந்தல் வரை கேட்டது.

“சின்ன மாப்புள! மூத்தம்மா சொல்லச் சொன்னாங்க! எழுத்தப் பாக்காதீங்களாம்! காலுக்கு மேல இருக்கற கொழாய வட்டத்துல வையுங்களாம், வட்டத்துல!”

பிறகு கைப்பிடி சுற்றும் சத்தம். பிறகு எஞ்சின்.

காஜா மைதீன் நடுத்தெருவில் நின்றார். பைத்து மறுபடி எழுந்தது. பூச்சரம் ஆட ஆடப் படகுக் கார் திரும்பி அவர் எதிரே வந்தது. வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினார், வேறென்ன செய்வார்? அலாவுதீன் கரி முகத்தோடு பல்லெல்லாம் தெரிய, கூட்டத்துக்கு மேலே கூவினார். “நானா! அமீர் லாத்தா சொல்லி அனுப்பலேன்னா மானம் போயிருக்கும் நானா! ஓ-ன்னா தொறப்பாமே!”

ஊர் முழுக்கச் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரித்தது என்று ஊருக்கே தெரியாது. தமக்கு மட்டும் தெரியும் என்று காஜா மைதீன் நினைத்துக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமையே புதுப் பலகை அலாவுதீன் பேருக்கு எழுதப்பட்டது. குழாயைக் காஜா மைதீன் மூடியதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமீர் நிஷா அப்பனிடமும் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை.

அவர்தான் கேட்டார். கல்யாண அமளி ஓய்ந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு. “கட்டினவனக் காட்டிக் குடுத்துட்டியே புள்ள. ஒந்தங்கச்சி அழுதா, அதுக்காகச் சொன்னியா?”

“அதுவும்தான்” என்றாள்.

“வேற எதுக்கு?”

அவள் தலைக்கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டே சொன்னாளாம். “பொம்பளயா இருந்திருந்தா மயிரப் புடிச்சுத் தெருவுல இழுத்து விட்டிருப்பேன். இரும்பாப் போச்சு, என்னா செய்யிறது? அதான், கல்யாண வீடாவும் இருந்துச்சு, எஞ்சக்களத்தியயும் நல்ல எடமாப் பார்த்துக் கட்டிக் குடுத்துட்டேன்.”



மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து சத்தம் வந்தது. அலாவுதீன் ஆஸியா பீவியை உட்கார வைத்துத் திரை கட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்புகிறார். எஞ்சின் பிடித்தது, ஆனால் இரண்டாவது சிலிண்டர் விட்டுவிட்டு அடித்தது. பிளக்கைக் கழற்றித் துடைக்காமல் கிளப்பியிருக்கிறான் மடையன். காஜா மைதீன் எழுந்திருக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அமீர் நிஷா தேநீரோடு கட்டிலோரம் வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்துக்கு அவர் படுக்கையில் கிடந்தது அதுதான் முதல் தடவை. அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

அப்புறம் அவர் கால்மாட்டைப் பார்த்தாள். போர்வைக்குள்ளே அவருடைய வலது பாதம், வெளியே எஞ்சின் திணறும்போதெல்லாம் அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது.